கிழக்கே பொங்கிய பால்

“அந்த வீட்டுல எல்லாமே நல்ல சகுனமா இருக்கு சார். அதான் எனக்குப் பயமா இருக்கு.”

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையின் மாடி அறை அது. சொன்னவள் சந்திரமதி, ஐம்பது வயதுக்காரி. கைக்குட்டையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எதிரே துப்பறியும் அற்புதராஜ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தட்டச்சுக்காரி லீலாவோ நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். அற்புதராஜின் வழக்குகளில் பாதியைத் தானே கண்டுபிடிப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

“முதல்ல இருந்து சொல்லுங்கம்மா,” என்றார் அற்புதராஜ்.

சந்திரமதியின் கணவர் அழகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அது 1961ஆம் ஆண்டு. எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகளைப் பற்றித்தான் பேச்சு. அழகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. “புறாக்கூண்டுல போய் நான் குந்தணுமா?” என்று சீறியவருக்குத் தரகர் வேலாயுதம் ஒரு வீட்டைக் காட்டினார். ஈப்போவுக்கு அப்பால், சுங்கை லாமி என்ற சிற்றூர். ஒரு காலத்தில் இரவும் பகலும் இரைச்சலாக இருந்த ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம் அது. சுரங்கத்தை மூடிய பிறகு ஊர் அடங்கிவிட்டது. தோண்டிய பள்ளங்களெல்லாம் குளங்களாகி அல்லி பூத்துக் கிடந்தன.

“பெரிய வீடு சார், புதுசா வெள்ளை அடிச்சிருக்கு. கிழக்கே குளம். ரெண்டு நாள் தங்கிப் பாத்தோம். அவரோட மொத்தப் பணமும் அதுக்குத்தான் போகுது. நாளைக்குக் காலை மெயில் ரயில்ல ஏறிப் போய்க் கையெழுத்துப் போடப் போறாரு. வாங்கினது சரியில்லேன்னா நாங்க தெருவுலதான் நிக்கணும்.”

“நல்ல சகுனம்னு சொன்னீங்களே?”

“பால் காய்ச்சிப் பாத்தோம். வாங்குறதுக்கு முன்னாடி யாரும் காய்ச்ச மாட்டாங்க. தரகர்தான் காய்ச்சச் சொன்னாரு. கூடத்துல காய்ச்சினோம், கிழக்கே பொங்கிச்சு. அவருக்கு மனசு கேக்கல. அடுப்பைத் தூக்கிட்டுப் போயி சமையல்கட்டுல காய்ச்சினாரு, அங்கேயும் கிழக்கே. பின்கட்டுலயும் அதேதான். ‘முருகனே கையைக் காட்டிட்டான்’னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு.”

“உங்களுக்கு ஏன் பயம்?”

சந்திரமதி தயங்கினாள். “சிரிக்காதீங்க சார். வடக்குச் சுவத்துல முருகன் படத்தை மாட்டினேன். கதவுநிலையைப் பாத்து நேரா வச்சுட்டுப் படுத்தேன். காலையில பாத்தா கோணல். திரும்ப நேராக்கினேன், திரும்பக் கோணல். எப்பவும் ஒரே பக்கம். யாரோ தள்ளுற மாதிரி இருக்கு. எனக்குத் தூக்கமே இல்ல.”

“கதவுகள் எப்படி?”

“பழைய கதவு. ஆனா மேல் விளிம்பை மட்டும் புதுசா இழைச்சிருக்காங்க. மரம் வெளுத்துத் தெரியுது.”

“கடைசியா ஒண்ணு. பால் காய்ச்சச் சொன்னப்ப தரகர் வேற என்ன சொன்னாரு?”

“‘கிழக்கே பொங்கலேன்னா முன்பணத்தை அப்படியே திருப்பித் தரேன், இது சத்தியம்’னாரு.”

“அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“முன்னாடிதான்.”

அற்புதராஜ் எழுந்து ஜன்னலருகே போனார். தேக்கா பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. “நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு நாங்களும் வரோம்மா,” என்றார்.

அவள் போனதும் லீலா பொறுக்கவில்லை. “எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். உத்தரத்துல ஆள் ஒளிஞ்சிருக்கான். ராத்திரி இறங்கிப் படத்தைத் திருப்பிட்டுப் போறான்!”

“அவனே பாலையும் ஊதி ஊதிக் கிழக்கே தள்ளுறானா?”

“சார், கிண்டல் வேணாம்லா!”

மறுநாள் தஞ்சோங் பாகார் நிலையத்தில் மெயில் புறப்படத் தயாராக நின்றது. அழகப்பன் பெட்டியை ஏற்றிவிட்டுப் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றார். அருகில், வெள்ளைச் சட்டையில் வேலாயுதம். வீட்டைப் பற்றி மனைவி தன்னிடம் சந்தேகப்பட்டுச் சொன்னதை அற்புதராஜ் எடுத்துச் சொன்னதும் அழகப்பனுக்குக் கோபம் பொங்கியது.

“நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரர். எங்க சகுனத்தைப் பத்தி உங்களுக்கு என்னய்யா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுங்க. கிரேனைப் பத்தித்தான் கேக்க வந்தேன். கொக்கியில மூட்டை தொங்குது, காத்து இல்ல. கோணலா நிக்குமா?”

“எப்படி நிக்கும்? நேரா தரையைப் பாத்துத்தான் தொங்கும்.”

“முருகன் படமும் ஆணியில தொங்குறதுதான். அது மட்டும் ஏன் கோணலாச்சு?”

அழகப்பன் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. அவருடைய வலதுகை தன்னையறியாமல் கிரேன் பிடியைப் பற்றுவதுபோல் மடங்கியது.

“படம் நேராத்தான் நின்னிருக்கு,” என்றார் மெல்ல. “கதவுநிலைதான் கோணல்.”

“வீடே கோணல்,” என்றார் அற்புதராஜ். “லம்பத்துல தோண்டி, சேத்தைக் கொட்டி மூடுன மண்ணு மேல அந்த வீடு நிக்குது. குளத்துப் பக்கம், அதாவது கிழக்கே, அமுங்கிக்கிட்டே வருது. நிலை சாஞ்சா கதவு இடிக்கும், அதனாலதான் விளிம்பை இழைச்சிருக்காங்க. விரிசல் தெரியாம இருக்கத்தான் வெள்ளை. தரை சாஞ்ச வீட்டுல அடுப்பை எங்க தூக்கிட்டுப் போனாலும் பால் ஒரே பக்கம்தான் வழியும்.”

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க!” என்றார் வேலாயுதம். “நான் சாதாரண புரோக்கர்லா.”

“பால் எந்தப் பக்கம் பொங்கும்னு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே முன்பணத்தைப் பந்தயம் வச்சீங்க. தெரியாதவர் அப்படி வைப்பாரா?”

“சாமி மேல உள்ள நம்பிக்கைங்க!”

“சரி, நம்புறேன். ஒரு ஏற்பாடு செய்வோம். மழை தொடங்கப் போகுது. மழை முடியிற வரைக்கும் நீங்க குடும்பத்தோட அந்த வீட்டுல இருங்க. வாடகை வேணாம். தை பிறந்ததும் அழகப்பன் பேசுன பணத்தை முழுசா கொடுத்துடுவாரு.”

“மழை நேரத்துலயா?” வேலாயுதத்தின் குரல் உடைந்தது. “புள்ளைங்கள வச்சுக்கிட்டு அங்கேயா?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. லீலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகப்பன் ரயிலில் ஏறிப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார்.

“புறாக்கூண்டோ கோழிக்கூண்டோ, அதுக்கே எழுதிப் போடு,” என்றார் மனைவியிடம். சந்திரமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வேலாயுதத்துக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. “இன்னைக்கே இடிஞ்சா விழப் போகுது? பக்கத்து வீட்டைப் போன வாரந்தான் ஒரு குடும்பத்துக்கு முடிச்சுக் கொடுத்தேன். அது குளத்துக்கு இன்னும் கிட்ட. நல்லாத்தானே இருக்காங்க!”

தூரத்தில் இடி முழங்கியது.

“எத்தனை புள்ளைங்க?” என்று கேட்டாள் சந்திரமதி.

கார்டு விசில் ஊதினார். அழகப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். இறக்கிய பெட்டியை மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டுத் தொற்றி ஏறினார். அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

“சார், உங்க முன்பணம்?” என்று கத்தினாள் லீலா.

“நீங்க வாங்கி வைங்கம்மா!” வண்டி அசையத் தொடங்கியது. அழகப்பன் ஜன்னலில் தலையை நீட்டினார். “யோவ் வேலாயுதம்! அவங்க பேரு என்னய்யா?”

தரகர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். ஒரு பெட்டி கடந்தது, இன்னொன்று கடந்தது. திடீரென்று அவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். போர்ட்டர்களை இடித்துக்கொண்டு, பிளாட்பாரத்தின் கடைசிவரை ஓடினார்.

“கோவிந்தசாமி! கணக்கு எழுதுற கிராணி கோவிந்தசாமி! பச்சைக் கதவு, அண்ணே! பச்சைக் கதவு!”