ஓநாய்த்தோல் கோட்டு

பூட்ஸுக்குள் காலை விட்ட லெஃப்டினன்ட் பெவரில் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டான். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோன மாதிரி ஒரு சூடு. கிரீமியாவின் ஜனவரிக் குளிரில் மரக்குடிலின் உட்சுவரெல்லாம் பனி பூத்திருந்தது. வாளித் தண்ணீர் கட்டியாகக் கிடந்தது.

"காஃப்னி! இதை அடுப்புகிட்ட வச்சியா?"

"எந்த அடுப்பு சார்? வெறகு தீர்ந்து எவ்வளவு நாளாச்சு!" என்றான் வாசலில் நின்ற பணியாள். பேசும்போது அவன் வாயிலிருந்து ஆவி புகைந்தது.

பூட்ஸ் கேப்டன் ஸ்ட்ரேக்கருடையது. குடிலும் அவனுடையது. காஃப்னியும் அவனிடம் இருந்தவன்தான். கொக்கியில் தொங்கிய ஓநாய்த்தோல் கோட்டு, சாம்பல் நிறக் குதிரை எல்லாமே ஸ்ட்ரேக்கருடையவை. நேற்று கடன் சொல்லி ஏலத்தில் எடுத்தவை.

அதிகாரி ஒருவன் செத்தால் அவன் சாமான்களைக் கூட இருந்தவர்களே ஏலத்தில் எடுத்துக்கொண்டு, சேர்ந்த பணத்தை ஊருக்கு அனுப்புவது அந்த ஆங்கிலேயப் படையில் வழக்கம். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து தின்றவனின் சட்டையை இன்று போட்டுக்கொண்டு திரிவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் நேற்றைய ஏலத்தில் ஒவ்வொருவன் கண்ணும் கலங்கியிருந்தது. ஸ்ட்ரேக்கரின் புகைபிடிக்கும் பைப்பைத் தூக்கிக் காட்டியபோது, ஏலம் நடத்திய அட்ஜுடன்ட் லம்லிக்குக் குரலே எழவில்லை. அந்தக் கண்ணீரைப் பார்த்தும் பெவரிலுக்கு வயிறு எரிந்தது. செத்தும் இவனுக்குத்தானா எல்லாம்?

பெவரில் பாதிரியார் வீட்டுப் பிள்ளை. பதவியைக் காசு கொடுத்து வாங்கும் படையில் காசில்லாமல் சேர்ந்தவன். மேலே இருப்பவன் செத்தால்தான் இவனுக்கு உயர்வு. மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலோடு கிடந்தபோதும், செவஸ்தபோல் கோட்டைக்கு எதிரே சேற்றில் நின்றபோதும் அதற்காகத்தான் பொறுத்திருந்தான். அவனுக்குப் பிறகு வந்து சேர்ந்தவன் ஸ்ட்ரேக்கர், சாராய ஆலைக்காரர் மகன். வந்த வேகத்தில் கேப்டன் பதவியை விலைக்கு வாங்கிக்கொண்டு தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பான். ஸ்ட்ரேக்கர் நல்லவனாகவும் இருந்து தொலைத்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஸ்ட்ரேக்கர் காணாமல் போன அன்று முன்னணிக் காவல் பெவரிலின் முறை. இருமல் அவனைப் பிடுங்கியெடுத்துக்கொண்டிருந்தது.

"நான் போறேன்யா. நீ இருமியே ரஷ்யாக்காரனை எழுப்பி விட்டுருவ," என்று ஸ்ட்ரேக்கர் சிரித்தான். "இந்தா, என் கோட்டைப் போத்திக்கிட்டுப் படு. உன்னோடதைக் குடு."

பெவரிலின் கோட்டு நைந்தது, பொத்தான் பாதி இல்லாதது. அதை மாட்டிக்கொண்டு ஸ்ட்ரேக்கர் பள்ளத்துப் பக்கம் இறங்கிப்போனான். சற்றைக்கெல்லாம் பனிப்புயல் எழுந்தது. ஓநாய்த்தோலின் கதகதப்பில் சுருண்டு கிடந்த பெவரில் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தான். இவன் திரும்பி வராமல் போகட்டும்.

வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பனியில் உடலைத் தேடி யாரும் காத்திருப்பதில்லை என்பதால் ஏலம் போட்டுவிட்டார்கள்.

பெவரில் பூட்ஸை மாட்டினான். அளவு எடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. நேற்று பெரிதாக இருந்ததே என்று ஒரு கணம் தோன்றியது. கோட்டை எடுத்தான். கீழ் ஓரம் ஈரமாக இருந்தது, பிசுபிசுவென்று களிமண் அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஸ்ட்ரேக்கரின் புகையிலை வாசனைக்கு அடியில் வேறொரு வாடை: தோண்டிய மண்ணின் வாடை, கல்லுக்கு அடியில் வெயில் படாமல் கிடந்ததன் வாடை. ஆனாலும் போட்டுக்கொண்டான். எவ்வளவு காலம் ஆசைப்பட்ட கோட்டு!

வெளியே மூடுபனி. அருகில் போனாலே கடிக்க வரும் சாம்பல் குதிரை அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு செருமியது. பாதையில் நின்ற காவல்காரன் விறைத்து வணக்கம் வைத்தான்.

"வணக்கம், கேப்டன் ஸ்ட்ரேக்கர்!"

திருத்தியிருக்க வேண்டும். நான் பெவரில் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பெவரில் தலையை மட்டும் அசைத்தான். பேரோடு சேர்த்துக் கிடைத்த அந்தப் பிரியம் அவ்வளவு இனித்தது. சமையல்காரன் கூப்பிட்டு ரம் கொடுத்தான். இளம் அதிகாரி ஒருவன் ஓடிவந்து கையைக் குலுக்கி, "செத்துட்டதா சொன்னானுங்களே, படுபாவிங்க!" என்று கட்டிக்கொண்டான். பெவரில் ஸ்ட்ரேக்கரைப் போலவே சிரித்தான். சிரிப்பு தானாக வந்தது. காலையிலிருந்து ஒருமுறைகூட இருமவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குடிலுக்குத் திரும்பினால் காஃப்னி மேசையில் இரண்டு குவளை வைத்திருந்தான்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"பின்னாடியே வந்தாரே, அவருக்கு," என்றான் காஃப்னி. "வெளியவே நிக்கிறார். கூப்பிட்டேன், வரமாட்டேங்கிறார்."

பெவரில் கதவைத் திறந்தான். மூடுபனிதான். அதற்குள்ளிருந்து ஒரு சத்தம். இருமல். வறண்டு, நெஞ்சுக்குள் கிழிவதுபோல, முடிவில் விசில் சத்தத்தோடு இழுக்கும் இருமல். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க அவன் நெஞ்சில் இருந்தது அது.

முரசு தட்டும் ஓசை கேட்டது. மனிதர்கள் இருக்கும் இடம் போதும் என்று அந்தப் பக்கம் நடந்தான். பின்னால் இருமலும் நடந்தது. பொழுது சாயும் சாம்பல் வெளிச்சத்தில், தூவும் பனியில், லம்லியின் கூடாரத்துக்கு முன்னால் அதிகாரிகள் கூடி நின்றார்கள். ஒவ்வொரு வாயிலும் ஆவி. மேசைமேல் சாமான்கள். சவரக் கத்தி. தேய்ந்த சீப்பு. அப்பா கொடுத்த ஜெபப் புத்தகம்.

அவனுடையவை.

"வா ஸ்ட்ரேக்கர்," என்றான் லம்லி. "பெவரிலோட ஏலம். பள்ளத்துல கெடச்சான் பாவம். மொகத்தை நரி விட்டு வைக்கல. கோட்டு காலர்ல பேர் தெச்சிருந்தது. காலையில பொதைச்சாச்சு."

"நான்தான்யா பெவரில்!"

எல்லோரும் சிரித்தார்கள். "சாவுல கூடவா வெளையாடுவ?" என்றான் ஒருவன், பிரியமாக.

லம்லி சவரக் கத்தியைத் தூக்கினான். "யாருக்கு வேணும்?"

ஒருவன் கொட்டாவி விட்டான். "தேறாத கழுதை, அவனோட சாமானும் அப்படித்தான்," என்றது ஒரு குரல். ஒரு கண்ணில்கூட ஈரமில்லை. அந்தப் பயத்திலும் பெவரிலுக்குப் பொறாமை பொங்கியது. ஸ்ட்ரேக்கருக்கு அழுதார்களே! எனக்கு ஒருத்தனும் இல்லையா?

கூட்டத்தின் பின்னால் ஒரு கை உயர்ந்தது.

நைந்த கோட்டுக் கை. பாதிப் பொத்தான் இல்லை. முழங்கைவரை புதுக் களிமண்.

"அவருக்கே போச்சு," என்றான் லம்லி. "எல்லாமே."

கூட்டம் வழிவிட்டது. அது வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நரி விட்டுவைத்ததுதான் இருந்தது. சவரக் கத்தியை எடுத்துக்கொண்டது. சீப்பை எடுத்தது. ஜெபப் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்தது. எடுக்க எடுக்க முகத்தில் தோல் ஏறியது. கன்னம் வந்தது. மூக்கு வந்தது. பெவரிலின் மூக்கு.

அது இருமியது. வாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது.

பெவரில் கத்த வாயைத் திறந்தான். இன்னும் அகலமாகத் திறந்தான். அத்தனை வாயும் புகைந்த அந்தக் குளிரில் அவன் வாயிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. திறந்த வாய்க்குள் விழுந்த பனி அப்படியே நாக்கின்மேல் கிடந்தது, கரையாமல்.