இருபத்தாறு அங்குல மரணம்

கிருஷ்ணராசா கத்தவில்லை.

கத்துவதற்கு அவகாசமே கிடைக்கவில்லை!

இரும்புக் கம்பி அவனுடைய பின்னந்தலையில் இறங்கியது. முதல் அடியில் முழங்கால் மடிந்தது. இரண்டாவது அடியில் முகம் சிமெந்துத் தரையில் மோதியது. மூன்றாவது அடிக்குத் தேவையே இருக்கவில்லை... ஆனாலும் விழுந்தது!

லண்டன், ஹவுன்ஸ்லோவில் ஒரு மளிகைக் களஞ்சியம். பட்டப்பகல், பன்னிரண்டரை மணி.

வாசலில் சாப்பாட்டுப் பெட்டியோடு உறைந்து நின்றாள் ஜெயகௌரி.

கம்பியோடு நிமிர்ந்தவன் அவளுடைய கணவன் நித்தியானந்தன். கீழே கிடந்தவன் அவனுடைய பத்து வருடத் தொழில் பங்காளி.

"என்ன கண்டனி?"

"இஞ்சாருங்கோ... கிருஷ்ணராசா அண்ணை..."

"என்ன கண்டனி எண்டு கேட்டனான்!"

அவளுடைய இடது கையைப் பிடித்துக் கதவு நிலையில் வைத்தான். இரும்புக் கதவை அறைந்து சாத்தினான்.

இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"ஒண்டும்... ஒண்டும் காணேல்லை!"

"கெட்டிக்காரி!"

பிறகு அவன் நிதானமாக அரிசி மூட்டை அடுக்கைச் சரித்துப் பிணத்தின்மேல் விழுத்தினான். பொலிஸ் வந்தது. படம் எடுத்தது. வேலைத்தல விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

ஜெயகௌரி வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நித்தியானந்தன் திடீரென்று நல்லவனானான்.

"கௌரி, வீட்டுக்குள்ளையே அடைஞ்சு கிடக்கிறாய். ஒரு பொழுதுபோக்கு வேணுமெல்லோ? தட்டுச் சுடப் பழகு."

"தட்டோ?"

"மண் தட்டை மேலை எறிவினம். பறக்கேக்கை சுடவேணும். வெள்ளைக்காரப் பொம்பிளையளே செய்யினம்!"

எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கும் என்று அவளுடைய விரல்களுக்குத் தெரியும். போனாள்.

ஆச்சரியம்! அவளுக்கு அது பிடித்துப்போனது.

இரவல் துப்பாக்கியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பழகினாள். ஆரஞ்சு நிறத் தட்டு வானத்தில் நொறுங்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. அனுமதிப் பத்திரத்துக்கு எழுதிப் போட்டார்கள். வைத்தியர் கடிதம் கொடுத்தார். அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து துப்பாக்கி வைக்கும் இரும்பு அலுமாரியைத் தட்டிப் பார்த்தார். நித்தியானந்தன் பக்கத்திலேயே இருந்து, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

ஏழாம் மாதம் பத்திரம் வந்தது. அவள் பெயரில்!

அந்த வாரமே, புதன்கிழமை, அவளைக் காரில் ஏற்றினான்.

"வா, உனக்கொரு துவக்கு வேண்டுவம்."

சட்டன் நகரைத் தாண்டி ஒரு சிறிய துப்பாக்கிக் கடை. கடைக்காரி கத்தரினுக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த குட்டை முடி. உதட்டில் சிரிப்பு... கண்ணில் அளவுகோல்!

"முதல் துப்பாக்கியா? அப்படியென்றால் அவசரப்படக் கூடாது" என்றாள் ஆங்கிலத்தில். "இது சப்பாத்து மாதிரி. அழகைப் பார்த்து வாங்கினால் கடிக்கும். தோளில் வை. கன்னத்தை மரக்கட்டையில் படியவிடு. இப்போது கண் குழலின் நேரே போகிறதா?"

"ஓம்... ஆனா பாரமாயிருக்கு."

"இருக்கட்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கொஞ்சம் பாரம் நல்லது, கை ஆடாது. முப்பது அங்குலக் குழல். தட்டுச் சுட இதைவிட வேறென்ன வேண்டும்?"

ஜெயகௌரியின் முகம் மலர்ந்தது.

நித்தியானந்தன் உதட்டைப் பிதுக்கினான்.

"நீளம் கூட. இதிலை கட்டையானது இல்லையோ?"

"கட்டைக் குழல் காட்டில் பறவை சுடுகிறவர்களுக்கு. தட்டுக்கு..."

"எனக்குக் கட்டையானதுதான் வேணும்!"

"சுடப்போவது யார்? நீங்களா, உங்கள் மனைவியா?"

அவன் பெரிதாகச் சிரித்தான். கத்தரின் சிரிக்கவில்லை. இருபத்தாறு அங்குலத்தில் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவன் ஒன்றைத் தூக்கினான். குழலை ஜெயகௌரியின் பக்கம் திருப்பினான்.

"மனிதர் பக்கம் குழலைத் திருப்பாதீர்கள்!" கத்தரின் சீறினாள்.

"சொறி... சொறி. கௌரி, கையை நீட்டு பாப்பம். இன்னும் கொஞ்சம்... விசைக்கு எட்டுதோ?"

எட்டியது.

நித்தியானந்தன் புன்னகைத்தான்.

அந்தப் புன்னகையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். களஞ்சியத்தில்... கையில் கம்பியோடு!

ஜெயகௌரிக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பிறகு அவன் சொல்லப்போகும் கதை இது: மனைவி தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை தவறியது. வெடித்தது. பாவம், புதிதாகப் பழகியவள்!

அப்போது அவனுடைய தொலைபேசி அடித்தது. வெளியே போனான்.

கத்தரின் மேசைக்கு மேலால் குனிந்து, அவளுடைய கோணிப்போன விரல்களைப் பார்த்தாள்.

"உன் விரலை உடைத்தது யார்?"

"கதவு."

"அந்தக் கதவுக்குப் பெயர் இருக்கிறதா?"

ஜெயகௌரி கண்ணாடிக்கு வெளியே நின்றவனைப் பார்த்தாள்.

"இதை உனக்கு விற்க எனக்கு மனமில்லை" என்றாள் கத்தரின்.

"விக்காட்டில் அவர் வேறை வழி பாப்பார். அது என்ன வழியெண்டு எனக்குத் தெரியாமப் போயிடும். இந்த ரெண்டு துவக்குக்கும் என்ன வித்தியாசம்? கெதியாச் சொல்லுங்கோ!"

கத்தரின் அவளுடைய காதில் நான்கு வார்த்தை சொன்னாள்.

கதவு திறந்தது. நித்தியானந்தன்!

"எனக்கு இதுதான் வேணும்" என்றாள் ஜெயகௌரி, இரண்டாவது துப்பாக்கியைத் தொட்டு.

"மற்றதுதானே வடிவு?"

"நீளத்தை நீங்கள் தெரிஞ்சியள். துவக்கை நான் தெரியிறன்!"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. அவன் தோளைக் குலுக்கினான். சாகப்போகிறவளின் கடைசி ஆசை... போனால் போகட்டும்!

அவர்களுடைய கார் மறைந்ததும் கத்தரின் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

சனிக்கிழமை. காலை பதினொரு மணி.

ஜெயகௌரி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவளுடைய கூந்தலைச் சுருட்டியது. முகம் மேசை விளிம்பில் மோதியது. உதடு கிழிந்து இரத்தம் வெங்காயத்தில் சொட்டியது.

"திறப்பு எங்கை?"

"என்ன திறப்பு...?"

அவளைக் கீழே தள்ளினான். விலாவில் ஓங்கி உதைத்தான். மறுபடியும் உதைத்தான். மூச்சு நின்று வந்தது.

துப்பாக்கி அலுமாரித் திறப்பை அவள் தாலிக்கொடியில் கோத்திருந்தாள். அவன் கொடியோடு சேர்த்து இழுத்து அறுத்தான். கழுத்துத் தோல் கிழிந்தது.

திரும்பி வந்தபோது கையில் துப்பாக்கி. விசையைச் சுற்றித் துடைக்கும் துணி. மேசையில் எண்ணெய்ப் போத்தலையும் குழலைச் சுத்தம் செய்யும் பித்தளைத் துடைகோலையும் பரப்பினான். அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தினான்.

"இஞ்சாருங்கோ... நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்..."

"சொல்லத்தான் போறாய்! வாசுதேவன் எண்டு ஒரு பொலிஸ்காரன் நேற்று போன் எடுத்தவன். திங்கட்கிழமை வாறானாம், உன்னோடை தனியாக் கதைக்க. கிருஷ்ணராசான்ரை விசயமும் கேட்டவன்!"

குழலை மடித்துத் திறந்து இரண்டு தோட்டாக்களைப் போட்டான். துப்பாக்கியை மூடினான். டக்!

குழல் அவளுடைய நெஞ்சில் அழுந்தியது. இரும்பின் குளிர் சட்டையைத் தாண்டி உள்ளே போனது.

"ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போட்டு வந்து பாத்தன், செத்துக் கிடந்தாள் எண்டு சொல்லுவன். அழவும் செய்வன்!"

விசையை இழுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை!

மறுபடி இழுத்தான். அசையவே இல்லை!

"என்ன கோதாரி இது?"

துப்பாக்கியைத் திறந்தான். தோட்டாக்கள் இருந்தன. மூடினான். இழுத்தான்.

மறுபடியும் ஒன்றுமில்லை!

கத்தரின் காதில் சொன்ன நான்கு வார்த்தை இதுதான். 'இது மூடியதும் தானாகவே பூட்டிக்கொள்ளும்.' மேலேயுள்ள பாதுகாப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் முன்னே தள்ளாவிட்டால், ஆண்டவனே வந்து இழுத்தாலும் அது வெடிக்காது. திறந்து மூடினால் மறுபடி பூட்டு! வாழ்நாளில் ஒரு தட்டுக்கூடச் சுடாத நித்தியானந்தனுக்கு அது தெரியாது.

அவன் குனிந்து விசையைப் பார்த்தான்.

ஜெயகௌரி துடைகோலை எடுத்தாள்... அவனுடைய கண்ணில் குத்தினாள்!

அலறல் குசினியை நிறைத்தது. துப்பாக்கி கீழே விழுந்தது. அவள் அதன்மேல் பாய்ந்தாள்.

அவன் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகையால் வெங்காயக் கத்தியை எடுத்தான். விரலிடுக்கில் இரத்தம் வழிந்தது.

"நில்லுங்கோ!"

"உனக்குச் சுட ஏலாதடி! நீ ஆர்? என்ரை கால்தூசி!"

"நில்லுங்கோ எண்டு சொல்லுறன்!"

பாய்ந்தான். கத்தி அவளுடைய தோளைக் கீறியது.

"நில்லடா!"

கட்டைவிரல் பொத்தானைத் தள்ளியது.

டமார்!

நித்தியானந்தன் குளிர்சாதனப் பெட்டியில் மோதிச் சரிந்தான். வெள்ளைக் கதவில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. துப்பாக்கி அவளுடைய தோளைப் பின்னுக்கு இடித்தது. அவனுடைய உதையோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை!

அவளே பொலிசுக்கு அடித்தாள். அவளே துவாயை மடித்து அவனுடைய வயிற்றில் அமத்திப் பிடித்தாள்.

பதினொரு நிமிடத்தில் கதவு உடைந்தது. ஆயுதம் தாங்கிய பொலிசார்... மருத்துவ உதவியாளர்கள்... அவர்களுக்குப் பின்னால், முகவரியைக் கேட்டதும் ஓடிவந்த துப்பறியும் அதிகாரி வாசுதேவன். லண்டனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

நித்தியானந்தனுக்கு இன்னும் உயிர் இருந்தது. அதைவிட வஞ்சம் அதிகமாக இருந்தது!

"இவள்தான்... என்னைக் கொல்லத்தான்... துவக்கு வேண்டினவள்... நான் தொடவேயில்லை..."

மருத்துவ உதவியாளர்கள் பத்து நிமிடம் போராடினார்கள். பிறகு ஒருவர் தலையை ஆட்டினார்.

வாசுதேவன் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, துவக்கு உங்கடை. லைசென்ஸ் உங்கடை. திறப்பு சட்டப்படி உங்களிட்டை மட்டும்தான் இருக்கலாம். அவர் சாகேக்கை உங்களைத்தான் சொல்லிப்போட்டார்."

"அவர்தான் என்னைச் சுட வந்தவர், தம்பி!"

"நான் நம்பிறன். கோர்ட் நம்புமோ? உங்கடை காயங்களைக் காட்டினா, அதாலைதான் கொன்றனீங்கள் எண்டுவினம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. இரத்தம் காய்ந்த கைகளை நீட்டினாள். கைவிலங்கு திறந்தது...

அப்போது செத்தவனுடைய சட்டைப் பைக்குள் தொலைபேசி அடித்தது!

வாசுதேவன் கையுறையோடு அதை எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டான்.

"நித்தி அண்ணை, அறிவித்தல் போடுற ஜதுசன் கதைக்கிறன்!" உற்சாகமான குரல். "அண்ணியின்ரை மரண அறிவித்தல் ரெடி. படம் வடிவா வந்திருக்கு. அகால மரணம் எண்டு போட்டிருக்கிறன். பின்னேரம் இன்ரநெற்றிலை போடச் சொன்னனீங்கள்... போடட்டோ?"



"நான் பொலிஸ்" என்றான் வாசுதேவன். "இந்த அறிவித்தலை அவர் எப்ப சொன்னவர்?"

"பொ... பொலிஸோ? வியாழக்கிழமை! அண்ணி ஆஸ்பத்திரியிலை கடைசிக் கட்டம், சனிக்கிழமை தாண்டாது எண்டவர். எல்லாம் வட்ஸ்அப்பிலை கிடக்கு!"

வாசுதேவன் விலங்கை மூடித் தன் பைக்குள் போட்டான்.

"வாக்குமூலம் குடுக்க வரவேணும், அக்கா. இது தேவையில்லை."

"வாறன். கிருஷ்ணராசா அண்ணையைப் பற்றியும் சொல்லவேணும்." அவள் தொலைபேசிப் பக்கம் குனிந்தாள். "தம்பி... நான் ஜெயகௌரி கதைக்கிறன்."

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்தது.

"அ... அண்ணி! நீங்கள்... அப்ப அறிவித்தலை நிப்பாட்டட்டோ?"

ஜெயகௌரி கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு, தரையில் கிடந்தவனை ஒரு தடவை பார்த்தாள்.

"வேண்டாம் தம்பி, போடுங்கோ... பேரையும் படத்தையும் மட்டும் மாத்திவிடுங்கோ!"