புதுக் கடுவன்

அன்று மாலை தகரக் கூரையின்மேல் குரங்குகள் ஓடவில்லை. மஹய்யாவ லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த காட்டிலிருந்து அந்த நேரத்துக்கு வந்து பலாப்பழத்தைப் பிய்த்தெறிந்து கூச்சலிடும் கூட்டம், ஈரமும் அழுகின பழத்தின் வாடையும் கனத்துக் கிடந்த பலாமரத்தில், ஒன்றையொன்று பாராமல் விலகி விலகி உட்கார்ந்திருந்ததைத் தெரேசா பின்வாசலில் நின்று பார்த்தாள். ஒரு மந்தியின் கையில் குட்டி தொங்கியது. மந்தி அதை நக்கி நக்கி மார்பில் வைத்தது. அது பிடித்துக்கொள்ளவில்லை.

"புதுக் கடுவன் வந்திருக்கு," என்றான் லோரன்ஸ், அவளுடைய இரண்டாம் புருஷன். வேலைவிட்டு வந்ததிலிருந்து கதிரையை வெளியே போட்டு உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "பழச வெரட்டிட்டு, அதோட குட்டிகள ஒவ்வொண்ணா கடிச்சுப் போடுது."

"எதுக்குங்க?"

"பால் குடுக்கிற மந்தி புதுசக் கிட்ட அண்ட விடாதுல்ல புள்ள. பால் நின்னா தானா வந்துரும்." சிரித்தான். "நீயுந்தான், மகன் அழுவுறான்னு தெனம் முதுகக் காட்டிப் படுக்கிற."

உள்ளே சுவக்கின் சிணுங்கினான். கைக்குழந்தை. அவன் வயிற்றிலிருந்தபோதே தகப்பன் யாகப்பர் மலேரியாவில் போய்விட்டார். தகப்பன் இடுப்பில் உடுத்தின சாரத்தில் தொட்டில் கட்டினால் பிள்ளை பயப்படாமல் தூங்கும் என்பது லயத்து வழக்கம். தெரேசா யாகப்பரின் சாரத்தில் கட்டியிருந்தாள். அதைக் கடக்கும்போதெல்லாம் லோரன்ஸ் மூக்கைச் சுருக்குவான். "வீடு பூரா இன்னும் அவன் வாடதான்."

குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று பக்கத்து வீட்டு மூக்காயி கத்தினாள். தெரேசா பிள்ளையைத் தூக்கப் போனாள்.

"மழைத் தூத்தல்ல அவன் எதுக்கு? நான் பாத்துக்கிறேன். போ."

போனாள். லயத்துக் கோடியிலிருந்த குழாயடியில் வரிசை வெகு நேரம் நகரவில்லை. மரத்திலிருந்து ஓர் அலறல் வந்தது. உடனே இன்னொன்று, வீட்டுப் பக்கமிருந்து.

"ஒன் மவன்தானேடி?" என்றாள் மூக்காயி.

அழுகை நின்றது.

குடத்தைப் போட்டாள். ஓடினாள். சேறு. படி. கதவு.

உள்ளே சவர்க்கார வாசனை. லோரன்ஸ் குளித்துத் தலை வாரியிருந்தான். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. காலி. துணி புதிது. அவனுடைய சாரம்.

யாகப்பரின் சாரம் மூலையில் கிடந்தது. மூட்டையாக. இறுக்கி முடிச்சுப் போட்டு. சிறிய மூட்டை. அசையவில்லை.

"இது நமக்குப் பொறக்கப்போறதுக்கு," என்று தொட்டிலை மெல்ல ஆட்டினான். மற்றக் கையை அவளிடம் நீட்டினான். "வா."

  தெரேசாவுக்குப் பால் கசிந்து ரவிக்கையை நனைத்துக்கொண்டிருந்தது. கால்கள் மூலைக்குப் போகவில்லை.

அவனிடம் போயின.