கிளம்பாத விருந்தாளி

நாணயத்தின் இரண்டு பக்கமும் கொக்கு. ஒரு பக்கம் மேடாக, இடப்புறம் பார்த்து நின்றது. மறுபக்கம் அதே கொக்கு குழிந்துபோய், வலப்புறம் பார்த்து நின்றது. அங்கே இருக்க வேண்டிய எண்ணைக் காணோம்.

"கள்ளக் காசு மாமா," என்றான் லென்ஸின் மைத்துனன். துப்புத் துலக்குவதில் அவனுக்கு இருந்த அவசரம் சாப்பாட்டில்கூட இருந்ததில்லை.

"கள்ளக் காசு அடிக்கிறவன் எண்ணை மறப்பானா மாப்ளே?" என்றார் லென்ஸ். பழைய நாணயங்களைச் சோதித்துச் சொல்லும் அவருக்கு ஊர் வைத்த பெயர் அது.

நாணயத்தைக் கொண்டுவந்த பெண் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் நாணய ஆலையில் அச்சு இயந்திரம் ஓட்டியவன், இப்போது உயிரோடு இல்லை.

"அவர் போனப்புறம், கூட வேலை செஞ்சவர் ஆபீஸ்ல அனுமதி வாங்கி இதைக் கொண்டுவந்து குடுத்தார். இந்தக் கொக்கை ஒரே ஒரு சாயங்காலம்தான் அடிச்சாங்களாம், அன்னைக்கு அவர் மிஷின் ஒண்ணுதான் ஓடிச்சாம். கொக்கோட கால் சரியா விழலைன்னு மறுநாளே அச்சை மாத்திட்டாங்களாம். அந்தச் சாயங்காலத்தை நான் எப்படி மறப்பேன்? படத்துக்குப் போறதா இருந்தோம். கிளம்பி உட்கார்ந்திருந்தேன். போன் பண்ணி, 'விருந்தாளி வந்திருக்கு, கிளம்ப மாட்டேங்குது, நான் வர நேரமாகும்'னார். எப்பவும் பின்னாடி மிஷின் சத்தத்துல பாதிப் பேச்சு காதுல விழாது. அன்னைக்கு ஒரே அமைதி. 'ஆலையில இல்ல அண்ணி, அண்ணன் யார் வீட்லயோ இருக்கான்'னு நாத்தனாரே சொன்னா."

நாணயத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வந்து, 'தூங்கிட்டியா?'ன்னு கேட்டார். முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். பதில் சொல்லலை. அதுக்கப்புறம் நானும் கேக்கலை, அவரும் சொல்லலை. அடுத்த மாசம் நெஞ்சுவலி. இப்ப அவரை நினைச்சு அழலாம்னாகூட, அந்த விருந்தாளி நடுவுல வந்து நிக்கிறா."

"நீங்க 'நிக்கிறா'ங்கிறீங்க," என்றார் லென்ஸ். "அவர் 'வந்திருக்கா'ன்னு சொன்னாரா, 'வந்திருக்கு'ன்னு சொன்னாரா?"

"'வந்திருக்கு'ன்னுதான்."

"பொம்பளைங்களையும் செல்லமா அப்படிச் சொல்றதுதானே?" என்ற மைத்துனன், அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதேதான் நானும் நினைச்சேன்," என்றாள் அவள்.

லென்ஸ் ஈரச் சோப்பு ஒன்றை எடுத்து, நாணயத்தின் மேடான பக்கத்தை அதில் அழுத்தி எடுத்தார். சோப்பில் கொக்கு குழிந்து, வலப்புறம் பார்த்தது. பின்பக்கத்துக் கொக்கைப் போலவே.

"பார்த்தீங்களா? அச்சுல படம் குழியா இருக்கும். அதனாலதான் காசுல மேடா விழுது. காசுல குழி விழுந்திருந்தா, அதை அழுத்தினது அச்சு இல்ல, இன்னொரு காசு. கீழ் அச்சு கொக்கை அடிக்குது, மேல் அச்சு எண்ணை. அடிச்சு முடிச்ச காசு ஒண்ணு கீழே விழாம மேல் அச்சுலயே ஒட்டிக்கிச்சு. அதோட கொக்கு கீழ் பார்த்துத் தொங்குது. அடுத்த தகடு உள்ளே வந்ததும், கீழிருந்து அச்சோட கொக்கு, மேலிருந்து காசோட கொக்கு."

"சரி மாமா, அந்த அமைதி?"

"கவனிக்காம ஓட்டியிருந்தா, ஒட்டின காசு அடிக்கு அடி நசுங்கி, படம் கலங்கலா விழும். இதுல இறகு ஒவ்வொண்ணும் தெரியுது. இது ஒட்டினதுக்கு அடுத்த காசு. அங்கேயே மிஷினை நிறுத்திட்டார். நின்ன மிஷின் எப்படிச் சத்தம் போடும்?"

பிறகு அவளிடம் போன் நம்பரை வாங்கி, நாணயம் கொடுத்தவரை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

"அச்சுல ஒட்டிக்கிற காசை உங்க ஆளுங்க என்னன்னு சொல்வீங்க?"

மறுமுனை சிரித்தது. "விருந்தாளின்னுதாங்க. வந்துட்டா லேசுல கிளம்பாது. தட்டினா அச்சு கெட்டுடும், நைச்சியமாத்தான் எடுக்கணும். அதுல அவரை மாதிரி கைப்பொறுமை யாருக்கும் கிடையாது."

போன் அடங்கியது. அவள் விரல்நுனி குழிந்த கொக்கின் கழுத்தோடு போய்க்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

லென்ஸ் நிதானமாகச் சொன்னார். "ஒரு காசு மேல் அச்சுல ஒட்டிக்கிச்சு. அடுத்த காசு அதுல அடிபட்டுது. அதுதான் இது. உங்க வீட்டுக்காரர் மிஷினை நிறுத்திட்டு, ஒட்டினதை எடுத்துக்கிட்டு இருந்தார். எடுத்து முடிச்சதும் வீட்டுக்கு வந்துட்டார்."