பத்துச் சொட்டு மருந்து

சுமதி சங்கரன்கோவிலுக்குக் குடிவந்தது ஒரு புதன்கிழமை காலையில். வீடு மாடியில் இருந்தது. கீழே பிச்சையா அண்ணாச்சியின் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சுவரில் கை வைத்தால் அந்த அதிர்வு முழங்கை வரை ஏறியது.

"ஒத்தையிலயா இருக்கப் போறிய?" சாவியைக் கொடுத்தபடி பிச்சையா கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. வாசுதேவநல்லூர் பக்கம் லாரி மோதிச் செத்த போட்டோகிராபர் கணேசனின் மனைவி அவள் என்பது அவருக்குத் தெரியும்.

எட்டு மாதமாகிறது. சுமதி இன்னும் அழவில்லை. பிணம் வந்து இறங்கியபோதும் அழவில்லை. சோறு மண் போலிருந்தது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. மேலநீலிதநல்லூரில் தம்பி இசக்கிராஜா வீட்டில் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கிளம்பி வந்துவிட்டாள்.

கொண்டுவந்த பொருட்களில் கணேசனின் பழுப்புப் புட்டிகள் இரண்டும் இருந்தன. கேமரா இல்லாமல் வெயிலைக் கொண்டே நீல நிறத்தில் படம் அச்சிடுகிற பழைய முறை ஒன்று அவனுக்குக் கைவந்திருந்தது. ஒரு புட்டியில் பச்சை மருந்து, மற்றதில் ஆரஞ்சு மருந்து. தனித்தனியே நாள்பட இருக்கும். கலந்துவிட்டால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். ஒரு தாளுக்கு இதில் பத்துச் சொட்டு, அதில் பத்துச் சொட்டு. இருட்டறையில் தடவிக் காயவைத்து, மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் போட்டுக் கழுவினால், வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும். நிழல் விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும்.

கைக்கு வேலை வேண்டுமே என்றுதான் அவள் ஆரம்பித்தாள்.

முதல் தாளில் வேப்பங்கொத்து வைத்தாள். உச்சி வெயில். சாப்பாட்டு நேரத்துக்குத் தறிகள் நின்றிருந்தன. மொட்டைமாடியில் வேறு யாரும் இல்லை. கழுவும்போது இலைகள் வெள்ளையாகத் தெளிந்து வந்தன.

தாளின் ஓரத்தில் நாலு விரல்நுனிகளும் தெரிந்தன.

தன் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தாளை வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். துருப்பிடித்த ஆணியின் வாடை ஒருமுறை வந்து போயிற்று. கழுவியபோது ஒரு முழுக் கை வந்தது. இடது கை. மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.

கணேசனுக்கு அந்த விரல் பேப்பர் வெட்டும் இயந்திரத்தில் போயிருந்தது.

சுமதிக்குப் பயம் வரவில்லை. ஈரத் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சி தெரிந்தது. எட்டு மாதத்தில் அவளுக்குத் தெரிந்த முதல் குளிர்ச்சி அது.

அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"எக்கா, நாளைக்கு வாரேன். துணிமணியெல்லாம் எடுத்து வையி."

"அவரு இங்கதாம்லே இருக்காரு."

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவள் கணேசனின் வேட்டியை எடுத்தாள். இரண்டிரண்டு கரண்டியாக மருந்து கலந்து, தீரத் தீர மறுபடி கலந்து, வேட்டி முழுக்கத் தடவினாள். இரவெல்லாம் அது இருட்டறையில் காய்ந்தது. மறுநாள் உச்சியில் மாடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள்.

"வந்து படுத்துக்கிடுங்க," என்று மெல்லச் சொன்னாள். "நான் பாக்கல."

தொட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

தறிச் சத்தம் நின்றது.

பின்னால் துணி லேசாகச் சரசரத்தது.

அவள் திரும்பவில்லை.

அண்டாத் தண்ணீரில் வேட்டியை அலசிக்கொண்டிருந்தபோது இசக்கிராஜா படியேறி வந்தான். இருவருமாகத்தான் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். நீலத்தின் நடுவே, மல்லாந்து படுத்த ஓர் ஆண் உருவம் வெள்ளையாக இருந்தது.

பக்கத்தில் இன்னொரு உருவம். பெண். தோளில் புரண்ட ஒற்றைப் பின்னல். அவன் கை அவளுடைய வலது மணிக்கட்டைச் சுற்றியிருந்தது.

சுமதி தன் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள்.

"எக்கா... நீ இதுல படுத்தியா?"

"இல்லலே. நான் தொட்டிகிட்டதான் நின்னேன்."

அவள் எதுவும் நடக்காதது போல இருட்டறைக்குப் போனாள். பத்துச் சொட்டு, பத்துச் சொட்டு. புதுத் தாளில் தடவி, மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, மாடிக்குக் கொண்டுவந்தாள்.

"உன் கைய இங்கன வையி," என்றாள். பக்கத்திலேயே தன் வலது கையையும் வைத்தாள். தாள் மெல்லச் சாம்பல் நிறமாக மாறுகிற வரை இருவரும் குத்தவைத்தே இருந்தார்கள். இசக்கிராஜாவின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

கழுவினாள்.

இசக்கிராஜாவின் கை வெள்ளையாக, விரல்நுனி வரை திருத்தமாக வந்தது.

பக்கத்தில் வெறும் நீலம்.

விரல் இல்லை. விளிம்பு இல்லை. அங்கே எதுவுமே வைக்காதது போல, வெயில் நேராக இறங்கியிருந்தது.

"மருந்து சரியாத்தான் இருக்கு," என்றாள் சுமதி. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

இசக்கிராஜா தரையைப் பார்த்தான். அவனுடைய நிழல் காலடியில் கிடந்தது. அவளுடைய காலடியை அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"போதும்க்கா. வா, போவோம்."

அவளுடைய இடது கையைப் பிடித்தான். கை சூடாகத்தான் இருந்தது. நாடி துடித்தது. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது. இழுத்துக்கொண்டு படிவாசல் வரை வந்தான்.

அங்கே அவள் நின்றுவிட்டாள்.

வலது கை பின்னால், வெயிலுக்குள், விறைப்பாக நீண்டிருந்தது. மணிக்கட்டில் சதை உள்வாங்கியிருந்தது. எட்டு மாதமாக அசையாத முகம் சுளித்து, கண் நிறைந்தது.

"மெதுவாலே," என்றாள். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா இழுத்தா வலிக்குதுல்லா."