மெனுவின் ஐந்தாவது வரி

திரையில் நான்கு வரிகள்தான் இருக்க வேண்டும். ஐந்தாவதாக ஒன்று இருந்தது.

கணினியைப் போட்டதும் எந்த சிஸ்டத்தில் நுழைவது என்று கேட்கும் பூட் மெனுவின் எழுத்துகள் எறும்புபோல் ஊர்வதாக சுந்தரராஜ் ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த மருமகள் வின்னி போனிலேயே வழி சொன்னாள்.

"கண்ணாடிய மாத்துங்கன்னா மாட்டீங்க, மெனுவ மாத்தணும். சரி மாமா, அந்த ஃபைல்ல 1024x768ன்னு கீதா?"

"கீது."

"அத்த 640x480 ஆக்கி, நான் அனுப்புன கமாண்டப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க."

எழுத்து பெரிதானது. ஐந்தாவது வரியும்தான். அதில் பெயரில்லை, வெறும் எண்: 417.

"அஞ்சு வரி வருதும்மா."

"நாலுதான் மாமா, நான்தானே போட்டேன்…" ரயில் பங்காரப்பேட்டை தாண்டியதும் பேச்சு அறுந்தது.

அந்த எண்ணை அவருக்குத் தெரியும். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டோக்கன் பலகையைப் பார்த்துக்கொண்டவர் அவர். இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துப்போவான், மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஆணி காலியென்றால் ஆள் இன்னும் கீழே. தேட வேண்டும். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் சுரங்கத் தொழிலாளி முனியப்பனின் 417-ஆம் ஆணி காலியாக இருந்தது. பயல் மாட்ட மறந்து சாராயக்கடைக்கு ஓடியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சீக்கிரம் வீடு போகிற அவசரத்தில், டிராயரிலிருந்த மாற்று டோக்கனை மாட்டி, ரிஜிஸ்டரில் 'ஏறினான்' என்று எழுதிவிட்டார். பலகை நிறைந்திருந்தது. யாரும் தேடவில்லை.

முனியப்பனின் மனைவி ரத்தினம்மா, ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பெயரோடு, முப்பது வருஷமாக இதே சுரங்கக் குடியிருப்பு லைனில் இருக்கிறாள். இன்று காலைகூட வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு ஓடல, கீழதான் போனாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் சாகறதுக்குள்ள."

"ரிஜிஸ்டர்ல ஏறிட்டான்னு கீது. நான் இன்னாம்மா பண்றது?"

அவள் போனதும் கதவை உள்ளே பூட்டி, சாவியைச் சுவராணியில் மாட்டினார்.

எழுத்தை இன்னும் பெரிதாக்கினால் கடைசி வரி திரைக்குக் கீழே போய்விடும். அன்றைய அதே அவசரத்தோடு 320x200 என்று மாற்றி மீண்டும் துவக்கினார். நான்கே வரிகள். மூச்சு வந்தது.

ஆனால், தேர்ந்த வரியைக் காட்டி எப்போதும் முதல் வரியில் நிற்கும் வெள்ளைப்பட்டையைக் காணோம்.

கணினி மூன்று முறை ஒலித்தது. சுரங்கத்தில் மூன்று முறை மணியடித்தால், ஆட்களை ஏற்றியிறக்கும் இரும்புக்கூண்டான கேஜில் ஆள் மேலே வருகிறான் என்று அர்த்தம்.

திரையின் அடிவிளிம்பிலிருந்து பட்டை மெல்ல எழும்பியது. நான்காம் வரி. ஊறிய மண்ணும் வெடிப்புகையும் கலந்த வாடை, அவர் இருபது வருஷமாக முகராத வாடை, அறையெங்கும் பரவியது.

மூன்றாம் வரி. பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அணையவில்லை.

இரண்டு.

ஒன்று.

நின்றது. முதுகுக்குப் பின்னால் கேஜின் இரும்புக்கதவு கிரீச்சிட்டுத் திறந்தது.

திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு ஓடினார். பூட்டு. ஆணியைத் துழாவினார். சாவி இல்லை.

அந்த இடத்தில் ஈரப் பித்தளை டோக்கன் ஒன்று, 417, அப்போதுதான் மாட்டியதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.