நான்காம் வாய்க்கால்

கணவன் காதில் தன் குரல் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்று தெரிந்துகொள்ள இதழினிக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. கேட்பவரின் அந்தரங்கம் என்று அதற்குப் பெயர். ஆனால் பொன்னரசு குளிக்கப் போகும்போது செவிக்கலப்பானைக் காதிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போவான். கலப்பானின் உள்ளமைப்பைத் திறக்கும் கடவுச்சொல் கோயம்புத்தூரில் நாற்பது பேரிடம்தான் இருந்தது. உரிமம் பெற்ற அந்த நாற்பது செவிச் சீராளர்களில் இதழினியும் ஒருத்தி.

குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியதும் அவள் கலப்பானைக் கணினியோடு இணைத்தாள்.

தலைக்குமேல் பறவண்டிகளின் இரைச்சல் பெருகிய பிறகு கலப்பான் இல்லாமல் ஊரில் யாராலும் இருக்க முடியவில்லை. வருகிற ஒலிகளையெல்லாம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்க்கால் கொடுத்துவிடும். மனைவிக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று, எதிர்வீட்டு நாய்க்கு ஒன்று. வாய்க்காலுக்கு ஒரு மடை. வேண்டியதைத் திறந்துகொள்ளலாம், வேண்டாததை அடைத்துவிடலாம். அடைத்தது எதிராளிக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் எல்லோர்மேலும் சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

மூன்று வாரமாகப் பொன்னரசு "சாவி எங்க?", "போயிட்டு வரேன்" என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. பேசாதவன் கேட்கவும் மாட்டான் என்று இதழினி முடிவு கட்டியிருந்தாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

திரையில் வாய்க்கால்கள் வரிசையாக எழுந்தன. நான்காவது அவளுடையது. மடை முழுதாகத் திறந்திருந்தது. வடிகட்டி ஒன்றுகூட இல்லை. அவள் பேச ஆரம்பித்தால் தெருச் சத்தம் தானாக அடங்கும்படி வேறு அமைத்து வைத்திருந்தான்.

அவளுக்குச் சந்தேகம் கூடியது. பதினோரு வருடத் தொழிலில் இவ்வளவு ஒழுங்கான கணவனை அவள் பார்த்ததே இல்லை. மாற்றங்களின் பதிவேட்டைப் புரட்டினாள். நான்கு வருடமாக அந்த வாய்க்காலில் யாரும் கை வைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தன் கலப்பானையும் கழற்றி இணைத்தாள்.

அதில் பொன்னரசின் வாய்க்கால் குளிர்பெட்டிக்கும் மின்விசிறிக்கும் நடுவில் கிடந்தது. மடை முக்காலுக்குமேல் அடைபட்டிருந்தது.

அடைத்தவள் அவளேதான். மூன்று வாரத்துக்கு முன் மேல்வீட்டில் சுவரைத் துளைத்த சத்தம் தாங்காமல் 'தானே சீர்செய்' பொத்தானை அழுத்தியிருந்தாள். வாடிக்கையாளர் வீடுகளில் ஒவ்வொரு மடையாகத் திருகிப் பார்ப்பவளுக்குத் தன் வீட்டில் மட்டும் சோம்பல். உரிமையாளர் எந்த ஒலிக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லையோ, அதை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும் இயந்திரம் அது. கணவனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பதில் சொல்லியே ஆகவேண்டிய சொற்களை மட்டும் உள்ளே விட்டது. மீதிப் பேச்சுக்கு உம்கொட்டியை இயக்கிவிட்டது.

உம்கொட்டி சின்ன வசதிதான். எதிரில் இருப்பவர் மூச்சு விடும் இடம் பார்த்து, கலப்பானின் வெளிப்புற ஒலிபெருக்கி உரிமையாளரின் குரலிலேயே "ம்" என்று சொல்லும். உரிமையாளர் காதில் அது விழாது. "மாமியார் வந்து பக்கத்துல உக்காந்தா ரொம்ப உதவியா இருக்குமுங்க" என்று அவளே எத்தனையோ பேருக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறாள். இருபத்திரண்டு நாளில் எழுநூற்றுப் பதினாறு "ம்" என்றது பதிவேடு.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எதற்கெல்லாம் உம் கொட்டித் தொலைத்திருக்கிறோம்?

தண்ணீர் நின்றது. அவசரமாக அவன் கலப்பானை மேஜைமேல் திரும்ப வைத்து, தன்னுடையதில் அவன் மடையைத் திறந்து, உம்கொட்டியை அணைத்து, காதில் மாட்டிக்கொண்டாள். பொன்னரசு தலையைத் துவட்டியபடி வந்து, தன்னுடையதை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"அந்தத் திருப்பூர் ரூம வேண்டான்னு சொல்லிட்டேன் இதழு."

எந்த ரூம் என்று கேட்க வந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

"தனியாப் போயரலாம்னுதான் பாத்து வெச்சிருந்தேன். அதைச் சொன்னப்பக்கூட நீ சண்டைக்கு வரல. எங்கப்பன் என்னையப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துனது, ஆபீசுல தலை குனிஞ்சு நின்னதுன்னு வெளக்கணைச்சப்புறம் இருட்டுல நான் சொன்ன எல்லாத்தையும் கேட்டுக்கிட்ட. முந்தியெல்லாம் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள நடுவுல பூந்து வெட்டிருவ. இப்பிடி என்னைய யாரும் கேட்டதில்ல. இனி நான் எதுக்குப் போறேன்?"

அவன் போகவிருந்ததும் அவளுக்குத் தெரியாது, போகாமல் நின்றதும் தெரியாது. உண்மையைச் சொன்னால் போய்விடுவான். இனி ஒரு வார்த்தை விடாமல் தானே கேட்பது என்று மனதுக்குள் சத்தியம் செய்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.

அவன் தன் அண்ணன் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னான். பந்தியில் உட்கார்ந்தவனை எல்லோர் முன்னாலும் எழுப்பிவிட்டு, இலையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அன்று அதே பந்தலில், மணமேடைப் பக்கம் அவளும் இருந்தாள். இது நடந்ததே அவளுக்குத் தெரியாது. சாப்பிடாமலே இரவெல்லாம் சிரித்துக்கொண்டு நின்ற அவன் முகம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கண் கலங்கியது. உம் கொட்ட வேண்டும் என்பதே மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தவள், அவன் மூன்றாவது முறை மூச்சு விட்ட பிறகுதான் சட்டென்று நினைவு வந்து, கரகரத்த குரலில், "ம்" என்றாள்.

பொன்னரசு பேச்சை நிறுத்திவிட்டு அவள் காதோரத்தையே பார்த்தான்.

"இன்னிக்கு நீ கேக்கல," என்றான். "என் மடைய அடைச்சுட்ட, இல்ல?"